சீந்தில்: கொடியும் அளவும்

எங்கள் ஊரில் கிடுகு வேலிகள் எல்லாம் மதில்களாகிவிட்டன. ஆனாலும் பழைய வளவுகள் சிலவற்றில் இன்னும் சீந்தில் மிஞ்சி நிற்கிறது. பூவரசிலும் வேம்பிலும் ஏறிப் படர்ந்து, கயிறு போன்ற தண்டிலிருந்து மெல்லிய விழுதுகளை நூல் நூலாக நிலத்தை நோக்கி இறக்கிக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் அந்த விழுதுகளைப் பிடுங்கி விளையாடி உம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். "அது மருந்துக் கொடி புள்ள, சும்மா அறுக்காத" என்பார்.

முப்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு அதே கொடியை நானே அறுத்து என் சாச்சிக்குக் கொடுத்தேன். அதனால் வந்தது என்ன என்பதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்தவற்றையும், வைத்தியர்களிடமும் ஊர்ப் பரிசாரியார் ஒருவரிடமும் கேட்டறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. தமிழ் சிறப்புப் பட்டம் பெற்று, பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை. இந்தக் கதையில் என் தமிழ்ப் படிப்புக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயர்கள்

சீந்திலுக்குத் தமிழில் பெயர்கள் அதிகம். அமிர்தவல்லி, அமுதவல்லி, சோமவல்லி, குண்டலி, சாகாமூலி என்றெல்லாம் சித்த மருத்துவத்தில் வழங்கும். வடமொழியில் குடூசி, அம்ருதா. இந்தியில் கிலோய். எங்கள் யூனானி வைத்தியத்தில் இதன் பெயர் கிலோ. நிறுக்கிற கிலோ அல்ல, கொடியின் பெயரே அதுதான். சிங்களத்தில் ரசகிந்த. தாவரவியலார் இதற்கு வைத்த பெயர் தினோஸ்போரா கோர்டிபோலியா. இதய வடிவ இலை கொண்டது என்பது அந்தப் பெயரின் பின்பாதிக்குப் பொருள். கொரோனாக் காலத்தில் நாம் கொத்தமல்லியோடு அவித்துக் குடித்த மரமஞ்சளும், அதாவது சிங்களவர் வெனிவெல் என்னும் கொடியும், இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சாகாமூலி என்ற பெயர் சும்மா வந்ததல்ல. தண்டை இரண்டாக அறுத்துவிட்டாலும் மரத்தில் தொங்கும் மேல்துண்டு பட்டுப்போவதில்லை. தன் தண்டில் சேர்த்து வைத்திருக்கும் ஈரத்தில் உயிர்பிடித்திருந்து, மேலிருந்தே ஒரு நூல்விழுதை இறக்கி, அது மண்ணைத் தொட்டதும் மறுபடி தழைத்துவிடும். வெட்டிய தண்டை முற்றத்தில் எறிந்தாலும் முளைக்கும். இதைக் கண்ணால் கண்டவர்கள்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். சாகாமல் இருப்பது கொடி. அதைக் குடிப்பவரும் அப்படித்தான் என்று பெயர் சொல்லவில்லை. நாம்தான் அப்படி வாசித்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் வாசித்தேன்.

எப்படி இனங்காண்பது

இலை வெற்றிலையைப் போல இதய வடிவில், மெல்லியதாக, நீண்ட காம்புடன் இருக்கும். தண்டின் மேல் சாம்பல் நிறத்தில் கடதாசி போன்ற மெல்லிய தோல் உண்டு. நகத்தால் சுரண்டினால் உரியும். உள்ளே பச்சை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வண்டிச் சில்லின் ஆரக்கால்கள் போலக் கோடுகள் தெரியும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியில் பட்டாணி அளவில் உருண்டையான காய்கள் கொத்தாகக் காய்த்துச் சிவப்பாகப் பழுக்கும். கோடையில் இலை கொட்டி வெறுந்தண்டாக நிற்பதும் உண்டு.

இலங்கையில் இதற்குச் சொந்தக்காரர்கள் இருவர் இருக்கிறார்கள். ஒன்று தித்தகிந்த, அதாவது தினோஸ்போரா கிறிஸ்பா. இதன் தண்டு முழுக்கப் பாலுண்ணி போலத் தடித்த முண்டுகள் இருக்கும். கசப்பும் கடுமை. பழம் நீளவாக்கில், செம்மஞ்சள் நிறமாக இருக்கும். மற்றது பூகிந்த. அதன் இளந்தண்டிலும் இலையின் அடிப்புறத்திலும் மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். இலை கொட்டிய காலத்தில், அல்லது துண்டு துண்டாக நறுக்கிக் காயவைத்த பிறகு, இம்மூன்றையும் பழகாத கண்ணால் பிரிப்பது கஷ்டம். தூளாக்கிப் போத்தலில் அடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

பெயரைச் சரியாக அறிவதுதான் மருந்தின் முதல் பாதுகாப்பு என்பதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தனர். அந்தலூசின் மாலகாவில் பிறந்து 1248 இல் திமிஷ்கில் மறைந்த இப்னு பைத்தார், தனி மருந்துகளையும் உணவுகளையும் பற்றி எழுதிய பெருநூலில் ஏறத்தாழ 1400 பதிவுகளைத் தந்தார். ஒரே செடிக்கு அரபியிலும் கிரேக்கத்திலும் பர்பர் மொழியிலும் என்னென்ன பெயர்கள் என்பதைத் தேடித்தேடிச் சேர்த்தார். ஒன்றை நினைத்து வேறொன்றை யாரும் அரைத்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது.

முன்பு எப்படிப் பயன்படுத்தினார்கள்

விட்டுவிட்டு வரும் நாட்பட்ட காய்ச்சல், சீனி வருத்தம், மூட்டு நோவு, தோல் அரிப்பு, வயிற்றெரிச்சல் ஆகியவற்றுக்கு ஆயுர்வேதமும் சித்தமும் யூனானியும் சீந்திலைப் பயன்படுத்தி வந்துள்ளன. செங்கமாரிக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் காய்ச்சலுக்குத் தரும் அமிர்தாரிஷ்டம் இந்தக் கொடியின் பெயரிலேயே வழங்குகிறது. வேம்பில் படர்ந்த சீந்தில் விசேஷம் என்பது பரவலான நம்பிக்கை.

சீந்தில் சர்க்கரை என்று ஒன்றும் உண்டு. பெயர்தான் சர்க்கரை. முற்றிய தண்டின் மேல்தோலை நீக்கி, இடித்து, தண்ணீரில் கரைத்து ஊறவைப்பார்கள். சக்கையை எடுத்து வீசிவிட்டு, தண்ணீரைத் தெளிய விட்டு, மேல் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி தெளிய விட்டு ஊற்றுவார்கள். இப்படிப் பலமுறை செய்த பின் அடியில் படியும் வெள்ளை மாவைக் காயவைத்து எடுப்பது அது. கசப்பில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். யூனானியில் இதைச் சத்தே கிலோ என்பார்கள்.

நம் நாட்டுக் கசாயத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒரு சரையில் எல்லாச் சரக்கும் சேர்ந்து பன்னிரண்டு கழஞ்சு, ஏறக்குறைய 60 கிராம். எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். சரையில் ஆறு சரக்கு என்றால் சீந்திலின் பங்கு இரண்டு கழஞ்சுதான், ஏறத்தாழ 10 கிராம். கூடவே சுக்கு, கொத்தமல்லி என்று அந்த நோய்க்கும் அந்த உடம்புக்கும் ஏற்றவை சேரும். எத்தனை நாள் என்று பரிசாரியார் சொல்லுவார். அதற்கு மேல் இல்லை.

யூனானி மருந்து நூல்களின் அமைப்பு எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு மூலிகையைப் பற்றி எழுதும்போது அதன் குணத்தோடு நிறுத்துவதில்லை. எவ்வளவு கொடுப்பது என்று எழுதுவார்கள். அதனால் வரக்கூடிய கெடுதியை முளிர் என்ற தலைப்பிலும், அந்தக் கெடுதியைத் திருத்தும் பொருளை முஸ்லிஹ் என்ற தலைப்பிலும், அது கிடைக்காவிட்டால் மாற்று என்ன என்பதைப் பதல் என்ற தலைப்பிலும் தருவார்கள். சித்த மருத்துவத்தில் சுத்தி, அனுபானம், பத்தியம் என்று இருப்பவையும் இதே எச்சரிக்கையின் வேறு உருவங்களே. மேல்தோலை நீக்குவது சீந்திலுக்குச் செய்யும் சுத்தி. ஆக, "இங்கிலீஷ் மருந்துக்குத்தான் பக்கவிளைவு, நாட்டு மருந்துக்கு ஒண்டும் இல்ல" என்ற பேச்சு நம் நாட்டு மருத்துவம் சொன்னதல்ல. அது பிற்காலத்து வியாபாரமும் வட்ஸ்அப்பும் சொன்னது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

சீந்தில் தண்டில் கசப்பைத் தரும் டைட்டர்பீன் வகைச் சேர்மங்களும், பெர்பெரின், பல்மற்றின், மக்னோபுளோரின் போன்ற அல்கலொயிட்டுகளும், நீண்ட சங்கிலிச் சர்க்கரைகளும் இருக்கின்றன. இவற்றில் சில, உடலின் எதிர்ப்புக் கலங்களைத் தூண்டுவதை ஆய்வுகூடத்திலும் விலங்குகளிலும் கண்டிருக்கிறார்கள். மனிதர்களில் செய்த ஆய்வுகள் குறைவு, பெரும்பாலும் சிறியவை. 2005 இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் ஒவ்வாமைத் தும்மல் உள்ள 75 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் சீந்தில் சாறு அடங்கிய குளிசையையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையையும் கொடுத்தார்கள். சீந்தில் எடுத்தவர்களில் தும்மலும் மூக்கொழுக்கும் நன்றாகக் குறைந்தன. சீனி வருத்தத்தைப் பொறுத்தவரை கிடைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி எலிகளில் செய்தவை. தித்தகிந்தவைத் தாய்லாந்தில் சீனி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004 இல் வெளிவந்தது. எதிர்பார்த்தபடி சீனி குறையவில்லை. அதைக் குடித்த சிலருக்கு ஈரல் நொதிகள் உயர்ந்ததுதான் மிச்சம்.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று ஒரு மருந்தைப் புகழ்கிறோம். கூடுவது எல்லாருக்கும் நல்லதா? சிலருடைய உடலில் எதிர்ப்புக் கலங்கள் கிருமியை விட்டுவிட்டுச் சொந்த உறுப்புகளையே தாக்கும். முடக்குவாதம், லூபஸ், தைரொயிட் நோய்களில் ஒரு வகை எல்லாம் அப்படி வருபவை. வீட்டுக்குள்ளேயே சண்டை நடக்கும்போது படைக்கு ஆள் சேர்த்தால் என்ன நடக்கும்?

சாச்சியின் கதை

2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பாடசாலைகள் பூட்டிக் கிடந்தன. ஊரில் தினமும் ஒரு மௌத்துச் செய்தி. அதற்கு முந்திய டிசம்பரில்தான் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் குடும்பக் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. இந்தியாவிலிருந்து யாரோ பேசியது. சீந்தில் தண்டைத் தினமும் வெறும் வயிற்றில் அரைத்துக் குடித்தால் கொரோனா அண்டாது என்று சொன்னது. சாச்சி கேட்டார், "சீந்திலெண்டா நம்மட வேலியில கிடக்கிறது தானே புள்ள? நீ படிச்சவள், இது மெய்யா?"

மெய்யா என்று கேட்டவருக்கு நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? அமிர்தவல்லி, சாகாமூலி என்று பெயர்களை அடுக்கினேன். அமிர்தம் என்றால் என்ன, வல்லி என்றால் என்ன என்று சொல்லுக்குப் பொருள் சொன்னேன். நம் முன்னோர் காரணமில்லாமல் இப்படிப் பெயர் வைத்திருப்பார்களா என்றும் கேட்டேன். குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். அன்று பின்னேரமே எங்கள் வளவு வேம்பிலிருந்து ஒரு கட்டுத் தண்டு அறுத்து மகனிடம் கொடுத்தனுப்பினேன். பிறகு வாராவாரம் அனுப்பினேன்.

சாச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. தைரொயிட் குறைபாட்டுக்குப் பல வருடமாகக் குளிசை எடுப்பவர். அது எனக்குத் தெரியும். அதையும் இதையும் சேர்த்து யோசிக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. விரல் நீளத்தில் ஒரு துண்டு என்று தொடங்கியவர், "கூடக் குடிச்சாக் கூடப் பலம் தானே" என்று ஒரு சாண் தண்டை அரைத்துக் குடித்திருக்கிறார். வடிகட்டியது மட்டும், சுண்டக் காய்ச்சவில்லை. நாளும் தவறவில்லை.

இரண்டு மாதமாகும்போது சோர்வு என்றார். சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளம் என்றார். கொரோனாவோ என்று பயந்து சோதித்தோம், இல்லை. பிறகு ஒரு நாள் சுபஹுக்கு உளூச் செய்துவிட்டு வந்தவரின் கண்ணைப் பார்த்து மச்சி சத்தம் போட்டிருக்கிறாள். கண் வெள்ளை முழுக்க மஞ்சள். சலம் தேத்தண்ணி நிறம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் மூன்று தரம் கேட்டார், "வேற ஏதாவது மருந்து எடுத்தீங்களா?" சாச்சி மூன்று தரமும் "இல்ல" என்றார். பொய் சொல்லவில்லை. வேலியில் கிடக்கும் கொடி அவருக்கு மருந்துக் கணக்கில் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் நாக்கு எழவில்லை. நாலாவது தரம் கேட்பதற்கு முன் நான் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. பேனையை எடுத்து எழுதிக்கொண்டு, "எவ்வளவு? எத்தன நாள்?" என்று மட்டும் கேட்டார். அந்த இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை.

வைரசால் வரும் ஈரல் அழற்சிக்கான சோதனைகளில் ஒன்றும் இல்லை. பித்தக் கல்லும் இல்லை. உடல் தன்னையே தாக்கும்போது இரத்தத்தில் தென்படும் பிறபொருளெதிரிகள் இருந்தன. கொடியால் தூண்டப்பட்ட ஈரல் அழற்சியாகவே இருக்க வேண்டும் என்றார்கள். கொடியை நிறுத்தினோம். அல்ஹம்துலில்லாஹ், கண் தெளிய ஐந்து வாரமும், இரத்தப் பரிசோதனை வழமைக்கு வர நாலு மாதமும் எடுத்தன.

பரிசாரியார் சொன்னது

சாச்சி வீடு வந்த பிறகு, மீதித் தண்டையும் ஒரு பிடி இலையையும் எடுத்துக்கொண்டு எங்கள் பகுதிப் பரிசாரியார் ஒருவரைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டியவர். தித்தகிந்தவைச் சீந்தில் என்று நினைத்து அறுத்திருப்பேனோ என்பது என் சந்தேகம். உள்ளதைச் சொன்னால், அது சந்தேகம் அல்ல, ஆசை. வேறு கொடி என்று அவர் சொல்லிவிட்டால் என் பிழை பாதியாகக் குறையும் என்று மனம் ஏங்கியது.

அவர் தோலைச் சுரண்டினார். குறுக்கே வெட்டிப் பார்த்தார். நுனி நாக்கில் வைத்துத் துப்பினார். "ரசகிந்த தான் மகள். கொடியில பிழ இல்ல" என்றார். பிறகு, "ஆருக்கு, எவ்வளவு, எத்தன நாள் எண்டு ஆரும் கேக்கல்ல. கசாயமெண்டா அதுக்கொரு தொடக்கமும் இரிக்கணும், முடிவும் இரிக்கணும். நீங்க தொடங்கினீங்க, முடிக்கல்ல" என்றார்.

இந்தியாவிலிருந்து வந்த செய்தி

எங்கள் வீட்டில் நடந்தது தனி நிகழ்வல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. கொரோனாத் தடுப்பு என்று சீந்தில் குடித்து ஈரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பாய் வைத்தியர்கள் 2021 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சு அதை மறுத்தது. கொடியைச் சரியாக இனங்காணவில்லை, தித்தகிந்த போன்ற வேறொன்றாக இருக்கலாம், சீந்தில் பாதுகாப்பானது என்று அது சொன்னது. 2022 இல் இந்தியாவின் 13 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்தவர்கள் இணைந்து, இவ்வாறு பாதிக்கப்பட்ட 43 பேரின் விபரத்தை வெளியிட்டார்கள். குடிக்கத் தொடங்கி அறிகுறி தெரிய ஏறத்தாழ ஒன்றரை மாதம் சென்றிருந்தது. பாதிக்கு மேல் பெண்கள். பலரின் இரத்தத்தில் சாச்சிக்குக் கண்ட அதே வகைப் பிறபொருளெதிரிகள். பெரும்பாலானோர் தேறினர். முன்பே ஈரல் பழுதடைந்திருந்தவர்களின் நிலை மோசமாகியது, மரணங்களும் நேர்ந்தன.

இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இலட்சக்கணக்கானோர் சீந்தில் குடித்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் மெய். ஆனால் இரு தரப்பும் சொல்வதைக் கூட்டிப் பார்த்தால் நம் போன்றோருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். வேறு கொடியாக இருந்தால், இனங்காணத் தெரியாதவர் அறுத்தது பிழை. அதே கொடியாக இருந்தால், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரியாதவர் கொடுத்தது பிழை. இரண்டு பிழைக்கும் ஒரே வேர்தான்.

யார் தவிர்க்க வேண்டும்

நான் கேட்டறிந்ததைத் தொகுத்துத் தருகிறேன்.

முடக்குவாதம், லூபஸ், உடல் தன்னையே தாக்குவதால் வந்த தைரொயிட் நோய் போன்றவை உள்ளவர்கள் சீந்திலைத் தவிர்ப்பது நல்லது. தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் தங்கள் நோய் எந்த வகை என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

ஈரல் நோய் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருந்தாலும் கேட்காமல் குடிக்கக் கூடாது. செங்கமாரிக்குச் சீந்தில் நல்லது என்று கேள்விப்பட்டு, கண் மஞ்சளான பிறகு வீட்டில் அரைத்துக் கொடுப்பது மிகவும் ஆபத்து. மஞ்சளுக்குக் காரணம் என்ன என்று தெரியும் வரை எதுவும் கொடுக்கக் கூடாது.

சீனி வருத்தத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கூடவே இதையும் குடித்தால் சீனி அளவுக்கு மேல் இறங்கலாம். நடுக்கம், வியர்வை, கண் இருட்டுதல் அதன் அடையாளங்கள். நோன்பு காலத்தில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. ஸஹருக்குக் குளிசையும் கசாயமும் சேர்த்துக் குடித்துவிட்டுப் பகல் முழுக்க வெறும் வயிற்றோடு இருப்பது விளையாட்டல்ல.

சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றியவர்கள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பார்கள். அதைக் கூட்டும் பொருள் அவர்களுக்கு நேர் எதிரி. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய சான்று இல்லை. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் டொக்டரிடம் சொல்லி, முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும்.

குடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் காரணமில்லாத சோர்வு, பசியின்மை, ஓங்காளம், உடம்பு அரிப்பு, சலம் கடும் நிறமாதல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்தி இரத்தம் சோதிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பொருள் சீந்திலை வேலியிலிருந்து பிடுங்கி எறியுங்கள் என்பதல்ல. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றுக்கும் பதிவு பெற்ற வைத்தியர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் போகலாம். போகும்போது நீங்கள் எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அதேபோல ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டில் குடிக்கும் கசாயத்தையும் சொல்ல வேண்டும். ஏசுவார்கள் என்று பயந்து மறைப்பதுதான் நம்மவர்களிடம் உள்ள பெரிய வருத்தம்.

எங்கள் பொறுப்பு

அல்லாஹ் இறக்கிய நோய் எதற்கும் அவன் நிவாரணத்தையும் இறக்காமல் விடவில்லை என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் அடிக்கடி சொல்கிறோம். மூலிகைகளைப் பற்றிப் பேச வரும் ஒவ்வொருவரும் அதில்தான் தொடங்குவார். அபூதாவூதில் வரும் இன்னொரு நபிமொழி அந்தளவுக்கு நம் வாயில் வருவதில்லை. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்தால், விளைவுக்கு அவரே பொறுப்பு என்ற கருத்தை அது தருகிறது. ஒரு குரல்பதிவைக் குழுவில் தட்டிவிடும் விரலுக்கும், நான் அன்று செய்தது போலச் சொல்லுக்குப் பொருள் சொல்லி அதற்கு மதிப்பேற்றும் நாவுக்கும் இது பொருந்தாது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கொடியின் பெயர்கள் தெரிந்திருந்தன. கொடி தெரிந்திருக்கவில்லை.

சாச்சி இன்று நன்றாக இருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டபோது, "நீ நல்லதுக்குத் தானே தந்த, வுடு புள்ள" என்று முடித்துவிட்டார். ஆனால் அவருடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், ஒவ்வாத மருந்துகள் எழுதும் இடத்தில், பென்சிலினுக்குக் கீழே ரசகிந்த என்று சிவப்பு மையில் இருக்கிறது. கொப்பி முடிந்து புதிது வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லை அதில் எழுதச் சொல்லிக் கேட்பது இப்போது என் வேலை.

எங்கள் வளவு வேம்பில் கொடி இன்னும் நிற்கிறது. போன மாரியில் நூல்விழுது ஒன்று மண்ணைத் தொட்டு வேர்விட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று அதைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. "அது மருந்துக் கொடி புள்ள, சும்மா அறுக்காத" என்றேன். உம்மா சொன்ன அதே சொல்தான். மருந்து என்றால் என்ன என்பது மட்டும் இப்போது எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது.